மாத்திரை உயரம்

எடைக்கருவி கொண்டுவரவில்லை.
இந்தச் சரிவில் அதன் முள் ஒருநாளும் நேராக நிற்காது.
கழுதை சுமந்து வந்தது ஒரு கம்பை.
சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பட்டைகள்.
உச்சந்தலை எந்தப் பட்டையைத் தொடுகிறதோ
அங்கே எழுதியிருக்கிறது
எத்தனை மில்லி, எத்தனை மாத்திரை.

கோண்டாருக்குத் தெற்கே, புதன்கிழமை.
புதன் நோன்பு நாள் என்பதை
அட்டவணை போட்டவர் மறந்துவிட்டார்.
அபா யிர்கா குடையைச் சுருக்காமலே சொன்னார்:
பூசை முடியட்டும், மூன்று மணிக்கு மேல் யாரும் தடுக்கமாட்டார்கள்.
தேவாலயச் சுவர் நிழலில்
பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம்.
ஈக்கள் நோன்பு இருக்கவில்லை.

பிறகு வரிசை.
காஷாவுக்குப் பாகு வேண்டாம், அது பொடியன்களுக்கு.
அண்ணனைப் போல மாத்திரை வேண்டும்.
கம்பில் முதுகை ஒட்டியதும்
குதிகால் மெல்ல எழுந்தது.
முலுனேஷ் ஒற்றை விரலால் தலையைத் தட்டினாள்.
ஒரு விரற்கடை குறைந்து குழந்தையானான்.
பாகைக் குடித்துவிட்டு என்னை முறைத்தான்,
பீளை காய்ந்த இமைகளுக்கு நடுவிலிருந்து.

அவனிடம் சொல்லாதது இது:
உன் இமைக்குள் இருப்பவன் வாசலில் நிற்கிற திருடன் அல்ல.
உயிரணுவுக்குள்ளேயே குடியேறிக்
கதவைச் சாத்திக்கொண்டவன்.
இந்த மருந்தை இரத்தத்தில் தேடினால்
கொஞ்சம்தான் அகப்படும்.
மீதியெல்லாம் திசுவுக்குள் புகுந்திருக்கும்,
அவன் இருக்கிற அதே அறைக்குள்.
வெள்ளணுக்கள் அதை மடியில் முடிந்துகொண்டு போய்
எங்கே எரிகிறதோ அங்கே அவிழ்க்கும்.

பழைய மருந்தின் வளையத்தில் பதினான்கு அணுக்கள்.
வயிற்று அமிலம் அதைக் குலைத்துவிடும்.
யாரோ ஒரு நைட்ரஜனை இடையில் உட்காரவைத்தார்கள்.
பதினைந்தாவதாக வந்த அந்த ஒன்றின் பிடிவாதத்தால்
ஒரு மடக்கு போதும்,
நாளைக்கு நான் மறுபடி மலையேற வேண்டாம்.

கிருமிக்குள் ஒரு சுரங்கம் உண்டு.
புரதம் அதன் வழியே
கண்ணி கண்ணியாக வெளியே வரும்.
மருந்து அங்கே குறுக்கே படுத்துக்கொள்ளும்.
வாக்கியம் பாதியில் நின்றுபோகும்.

திருவொர்க்கின் கழுத்துச் சரட்டில்
சிலுவையும் பக்கத்தில் ஒரு சாமணமும்.
இமை உள்ளே மடிந்து
மயிர் விழியை உரசுகிறது.
வாரத்துக்கு ஒருமுறை அவளே பிடுங்கிக்கொள்கிறாள்.
இமைக்கும் நேரத்துக்கும் மாத்திரை என்றுதான் பெயர்.
அவளுக்கு அந்த நேரம் முழுக்க முள்.

நான்கு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக் கேட்டாள்:
இது இமையைத் திருப்புமா?
திருப்பாது. அதற்குக் கத்திதான் வேண்டும்.
வியாழக்கிழமை நகரத்தில் செய்கிறார்கள்.
பின்னே எனக்கெதற்கு?
உன்னிடம் மிச்சமிருந்தால் பிள்ளைகளுக்குப் போகாமலிருக்க.
ஒன்று. இரண்டு. மூன்றாவது தொண்டையில் நின்றது.
தண்ணீருக்குக் கை நீட்டினாள்.

அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரம் கீழே இருக்கிற ஊற்றிலிருந்து வந்தது.
முகம் கழுவ யாரும் அதைச் செலவழிப்பதில்லை.
அதனால் ஒவ்வொரு வருடமும் அதே பெட்டிகள்,
அதே கழுதை, கிழவாகிக்கொண்டு.

சாயங்காலம் பத்துப் பிள்ளைகளின் மூக்கில் பஞ்சு விட்டு எடுத்தோம்.
கண்ணுக்காகக் கொடுக்கிற மருந்தை
மூக்கில் இருக்கிற வேறொரு கிருமியும் படிக்கிறது.
சுரங்கச் சுவரில் ஒரு மீத்தைலைப் பொருத்திவிட்டால்
மருந்துக்குப் படுக்க இடமில்லை.
முதல் வருடம் பத்தில் ஒன்று அதைக் கற்றிருந்தது.
போன வருடம் நான்கு.
குழாய்களில் பெயர் எழுதி
முலுனேஷ் பனிப்பெட்டியை மூடினாள்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குவளைகளை அலசிய தண்ணீரை ஊற்றப்போனபோது
காஷாவ் வந்து கையேந்தினான்.
முகத்தில் அடித்துக்கொண்டான்,
சட்டையில் துடைத்தான்,
சாய்ந்து கிடந்த கம்பைத் தானே நிமிர்த்தி
ஒட்டி நின்றான், இம்முறை குதிகால் தரையில்.

அடுத்த வருடம் எனக்கு மாத்திரைதானே?

ஆமாம் என்றேன்.
கழுதை சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது
என்ன வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று.